ஈறு ஒட்டுக்கு எந்தத் திசு: சொந்த அண்ணமா, தானத் தோலா, பன்றிக் கொலாஜனா?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருப்பது இது. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. பள்ளி நாள்களில் பல்லுக்குக் கம்பி போட்டவர். சுங்கைப் பட்டாணியில் ஈறு சிறப்பு மருத்துவர் பார்த்துவிட்டு, ஒட்டு வைக்கலாம் என்று சொல்லி மூன்று வழிகளைக் காட்டியிருக்கிறார்: இவருடைய மேல் அண்ணத்திலிருந்தே சதை எடுப்பது, இறந்தவர்கள் தானம் செய்த தோலைப் பதப்படுத்திய திசு, பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற நார்ப்புரதம். இவர் சைவம். பன்றி என்ற பேச்சே வேண்டாம் என்கிறார் அம்மா. செத்தவர் தோலா என்று தயங்குகிறார் வீட்டுக்காரர். இவருக்கோ அண்ணத்தை அறுப்பதை நினைத்தாலே பயம். எதை எடுப்பது என்று கேட்கிறார். கூடவே, வெற்றிலை போடும் அம்மாவுக்கும் ஈறு இறங்கியிருக்கிறது, அவருக்கும் இதைச் செய்யலாமா என்றும் ஒரு கேள்வி.

தங்கச்சி, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ் முன்பல், இரண்டே பல், மெல்லிய ஈறு என்ற நிலையில், உங்கள் அண்ணத்தில் போதிய தடிப்பு இருந்தால் சொந்தத் திசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சைவம் என்பதற்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. அசைவம் சாப்பிடும் ஒருவர் இதே பல்லோடு வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் ஈறு சிறப்பு மருத்துவர் இல்லை. வடக்கில் பல ஆண்டுகள் பொதுப் பல் மருத்துவராக இருந்தவள். உங்களைப் போன்றவர்களைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிவைத்து, ஒட்டு வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர்களின் வாயை வருடக்கணக்கில் பார்த்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் வாயைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மறக்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் நல்ல கேள்விகளாகக் கேட்டால் அதுவே போதும்.

கீழ் முன்பற்களில் ஈறு ஏன் இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். அந்த இடத்தில் பல்லுக்கு முன்னால் இருக்கும் எலும்பு எல்லாருக்குமே மெல்லியது. கம்பி போட்டுப் பல் சற்று முன்னே தள்ளப்பட்டிருந்தால், எலும்பு இன்னும் மெலிந்து சில இடங்களில் இல்லாமலேயே போயிருக்கும். எலும்பு இல்லாத இடத்தில் ஈறு வெறும் தோலாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும், காறை கட்டி வீங்கினாலும் இறங்கிவிடும். நம் தோட்டப்புற வீடுகளில் கரித்தூளையும் உப்பையும் விரலில் தொட்டு அழுத்தித் தேய்க்கும் பழக்கம் பிரஷ் வந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. பிரஷை மாற்றினோம், அழுத்தத்தை மாற்றவில்லை. நீங்கள் எப்படித் தேய்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதைச் சரிசெய்யாமல் எந்தத் திசுவை வைத்தாலும் அதுவும் தேய்ந்து இறங்கும். ஒட்டு வைப்பதற்கு முன்பே மென்மையான பிரஷுக்கு மாறிவிடுங்கள்.

ஒட்டு உண்மையிலேயே தேவையா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். வேர் தெரியும் பல்லுக்கெல்லாம் அறுவை தேவையில்லை. வருடக்கணக்காக அதே அளவில் நிற்கிறது, கூசவில்லை, பார்வைக்கும் உறுத்தவில்லை, சுத்தம் செய்ய முடிகிறது என்றால் அளந்து குறித்து வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வந்தாலே போதும். ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் என்னை யோசிக்க வைக்கின்றன. கடந்த ஓராண்டில் கூடுதலாக இறங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். கீழுதட்டை இழுத்தால் அந்த ஈறு ஓரமும் கூடவே அசைகிறது என்கிறீர்கள். உதட்டோடு சேர்ந்து ஈறு அசைகிறது என்றால், அந்தப் பல்லைச் சுற்றி இருக்க வேண்டிய கெட்டியான ஈறு ஏறக்குறைய இல்லை என்று அர்த்தம். உதட்டின் நடுவிலிருந்து ஈறுக்கு வரும் சின்ன நாண் போன்ற சதையும் இழுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஒட்டு வைப்பது சரியான யோசனைதான்.

இந்த இடத்தில்தான் திசுவைத் தேர்ந்தெடுப்பது தொடங்குகிறது. ஈறு ஒட்டு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஒன்று, வெளியே தெரியும் வேரை மூடுவது. மற்றொன்று, அசையாத, தடித்த, பிரஷைத் தாங்கும் ஈறை அந்த இடத்தில் உண்டாக்குவது. மேல்வரிசைப் பல்லில் சிரிக்கும்போது வேர் தெரிகிறது என்று வருபவருக்கு முதல் வேலை முக்கியம். உங்களுக்கு இரண்டாவதுதான் உயிர். வேர் மூடினால் அது கூடுதல் லாபம். எந்தப் பொருள் எந்த வேலையை நன்றாகச் செய்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அண்ணத்துச் சதைக்கு ஒரு குணம் உண்டு. சூடான சோறு, முறுக்கு, கருவாடு எல்லாம் உரசும் இடம் என்பதால் அதன் மேற்பரப்பு கெட்டியானது. அந்தக் கெட்டித்தன்மைக்கான கட்டளை மேல்தோலில் இல்லை, அடியில் இருக்கும் இணைப்புத் திசுவில் இருக்கிறது. 1970களில் குரங்குகளில் செய்த சோதனைகளில் இதைக் காட்டினார்கள்: கெட்டியான ஈறின் அடித்திசுவை மட்டும் எடுத்து மென்மையான இடத்தில் புதைத்தால், அதன் மேல் வளர்ந்த புதுத்தோலும் கெட்டியாகவே வந்தது. ரப்பர்ப் பால்மரத்தில் ஒட்டுக் கட்டியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அடிமரம் எந்தச் சாதியாக இருந்தாலும், கட்டிய மொட்டு எந்த மரத்திலிருந்து வந்ததோ அந்த மரத்தின் பாலைத்தான் அது கொடுக்கும். அண்ணத்துத் திசுவும் அப்படித்தான், போன இடத்திலும் தன் குணத்தை விடாது.

தானத் தோலும் பன்றிக் கொலாஜனும் இந்தக் கட்டளையைக் கொண்டுவர முடியாதவை. அவற்றில் உயிரணுக்களே இல்லை. அவற்றை நீக்கிவிட்டுத்தான் பதப்படுத்துகிறார்கள். மிஞ்சுவது கொலாஜன் நார்களாலான ஒரு சட்டகம். அதற்குள் உங்கள் உடம்பின் அணுக்களும் இரத்தக் குழாய்களும் புகுந்து மெல்ல அதை உங்கள் சதையாக மாற்றிக்கொள்ளும். ஈறைத் தடிப்பாக்க அது உதவும். வேரையும் மூடும். ஆனால் பக்கத்திலிருந்து புகுவது அசையும் மென்சதையின் அணுக்கள் என்றால், வளர்வதும் பெரும்பாலும் மென்சதைதான். கெட்டியான ஈறே இல்லாத ஓர் இடத்தில் இவற்றை வைத்துக் கெட்டியான ஈறை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளும் பொதுவாக இதையே சொல்கின்றன: கெட்டியான ஈறைக் கூட்டுவதிலும், வேரை முழுதாக மூடுவதிலும், வருடங்கள் கழித்தும் அப்படியே நிற்பதிலும் சொந்த இணைப்புத் திசு முன்னால் நிற்கிறது.

சொந்தத் திசுவிலும் இரண்டு முறை உண்டு. இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நோவு எவ்வளவு என்பது இதைப் பொறுத்தது. பழைய முறை, 1960களிலிருந்து இருப்பது, அண்ணத்திலிருந்து மேல்தோலோடு சேர்த்து ஒரு துண்டை எடுத்துப் பல்லுக்கு முன்னால் நேராக வைத்துத் தைப்பது. கெட்டியான ஈறை உண்டாக்குவதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. குறைகள் இரண்டு. எடுத்த இடம் திறந்த புண்ணாக இருந்து, ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். வைத்த இடம் அண்ணத்தின் வெளிறிய நிறத்திலேயே இருக்கும், ஒட்டுப் போட்ட துணி மாதிரி தெரியும். மேல்வரிசையில் அது அசிங்கம். கீழ் முன்பல்லில் உதடு மறைத்துவிடும்; நீங்களே உதட்டை இழுத்துக் காட்டினால் ஒழிய யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்னொரு முறை 1985இல் லாங்கர் என்ற பெயருடைய இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தது. அண்ணத்தின் மேல்தோலை மூடிபோல் திறந்து, அடியில் இருக்கும் இணைப்புத் திசுவை மட்டும் மெல்லியதாக எடுத்து, மூடியை மறுபடி மூடித் தைத்துவிடுவார்கள். எடுத்த திசுவை ஈறுக்கு அடியில் நுழைத்து வைப்பார்கள். அண்ணத்தில் திறந்த புண் இல்லை என்பதால் வலி குறைவு, நிறமும் பொருந்தும். வேரை மூட இன்றைக்கும் அளவுகோலாக வைத்துப் பேசப்படுவது இதுதான். புதிதாக வரும் ஒவ்வொரு பொருளையும் இதோடு ஒப்பிட்டுத்தான் சோதிக்கிறார்கள். உங்களுக்கு இந்த இரண்டில் எது என்பதை, எவ்வளவு கெட்டியான ஈறு மிச்சம் இருக்கிறது, உதட்டுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்த்து டாக்டர் சொல்வார்.

அண்ணத்தை அறுப்பது பற்றிய பயத்துக்கு வருவோம். நேர்மையாகச் சொன்னால், ஒட்டு வைத்துக்கொண்டவர்களிடம் எங்கே வலித்தது என்று கேட்டால் பலரும் வைத்த இடத்தைச் சொல்ல மாட்டார்கள், எடுத்த இடத்தைத்தான் சொல்வார்கள். பூசாமல் சொல்கிறேன், முதல் மூன்று நான்கு நாள் அசௌகரியமாகத்தான் இருக்கும். ஆனால் நினைத்துப் பயப்படும் அளவுக்கு இல்லை. இரண்டு பல்லுக்குத் தேவைப்படுவது சின்னத் துண்டு. தடிப்பு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். கோரைப் பல்லுக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் இடைப்பட்ட பகுதியில் எடுப்பார்கள். அதற்கு உள்பக்கமாகப் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது, அதைத் தொடாமல் எடுப்பதுதான் கைத்திறன். ஊசியால் குத்தித் தடிப்பை அளந்து பார்ப்பது மரத்துப்போன பிறகு நடக்கும், வலிக்காது. அண்ணத்துக்குப் பொருந்துகிற மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை முன்கூட்டியே செய்துவைத்தால், நாக்கும் சோறும் புண்ணில் படாது, இரத்தக் கசிவும் குறையும். பல இடங்களில் இதைக் கேட்டால்தான் செய்துகொடுப்பார்கள். கேளுங்கள். எனக்குத் தெரிந்து நோயாளியின் முதல் வாரத்தை மாற்றிப்போடும் பொருள் அந்தத் தட்டுதான்.

தானத் தோலைப் பற்றி வீட்டுக்காரருக்கு. இது அமெரிக்காவில் 1990களில் தீக்காயத்துக்காக வந்து, பிறகு வாய்க்குள்ளும் பயன்படத் தொடங்கிய பொருள். அல்லோடெர்ம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தானம் செய்தவரின் நோய் வரலாற்றைப் பார்த்து, எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள் போன்றவற்றுக்குச் சோதித்துத்தான் திசு வங்கிகள் எடுக்கின்றன. அணுக்களை நீக்கிவிடுவதால் உடம்பு அதை அந்நியன் என்று எதிர்க்கவும் பெரிதாகக் காரணம் இல்லை. நோய் தொற்றும் அபாயம் பூஜ்யம் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், ஆனால் மிக மிகக் குறைவு. திசு வங்கி நமக்குப் புதிதும் இல்லை. கிளந்தான் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே ஒன்று இருக்கிறது. கண் தானத்தை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம், இதுவும் ஒருவர் மனமுவந்து கொடுத்துவிட்டுப் போனதுதான். இவ்வளவு சொன்ன பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால், அதுவும் போதுமான காரணம்தான். வாயில் வைத்துக்கொண்டு வாழப்போவது நீங்கள். யாரும் உங்களை வாதாடிச் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை.

மருத்துவ ரீதியாகத் தானத் தோலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: மேலே உங்கள் சொந்த ஈறை இழுத்து அதை முழுதாக மூட வேண்டும். சொந்த இணைப்புத் திசு ஓரமாகக் கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் பிழைத்துக்கொள்ளும். தானத் தோல் அப்படிப் பிழைப்பது கடினம். உங்கள் கீழ் ஈறோ மெல்லியது, உதடு இழுக்கும் இடம், இழுத்து மூட அங்கே சதை குறைவு. நான் சொந்தத் திசுவின் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பன்றிக் கொலாஜனுக்கும் இதே கதைதான் கொஞ்சம் மாறி வரும். மியூக்கோகிராஃப்ட், மியூக்கோடெர்ம், ஃபைப்ரோ-கைட் என்று பெயர்கள் பல, எல்லாம் பன்றிதான். இரண்டாவது புண் இல்லை, அறுவை சீக்கிரம் முடியும், நோயாளிக்கு வேதனை குறைவு. வேரை மூடும் அளவு சராசரியில் சொந்தத் திசுவைவிடக் குறைவு. நம் நாட்டில் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். முஸ்லிம் நோயாளிகள் தினமும் கேட்கும் கேள்வி இது, ஒவ்வொரு பல் மருத்துவருக்கும் பழகிப்போனது. நம்மவர்கள்தான் கேட்காமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் மனசு கஷ்டப்படுகிறார்கள்.

அதற்காக இவற்றை மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஆறு, ஏழு பல்லில் ஒரே நேரத்தில் ஈறு இறங்கியிருந்தால் அவ்வளவு திசுவை அண்ணத்திலிருந்து எடுப்பது கொடுமை. சிலருக்கு அண்ணம் காகிதம் போல மெலிந்திருக்கும், எடுக்க ஒன்றும் இருக்காது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு இரண்டாவது புண்ணைத் தவிர்ப்பது பெரிய விஷயம். கெட்டியான ஈறு ஏற்கெனவே போதுமான அளவு இருந்து, தடிப்பு மட்டும் குறைவாக இருப்பவருக்கு மாற்றுத் திசு நன்றாகவே வேலை செய்யும். உங்கள் நிலை இவற்றில் எதுவும் இல்லை என்பதுதான் என் வாதம்.

சரி, சொந்தத் திசு என்று முடிவு செய்துவிட்டால் சைவப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இதைத்தான் யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை என்று எனக்கு நெடுநாள் வருத்தம். அண்ணத்துப் புண்ணில் இரத்தம் நிற்க ஒரு பஞ்சு வைப்பார்கள். அது பெரும்பாலும் பன்றி ஜெலட்டினாகவோ மாட்டுக் கொலாஜனாகவோ இருக்கும். தையல் நூலில் கேட்கட் என்று ஒரு வகை உண்டு, ஆடு மாடுகளின் குடலிலிருந்து செய்வது. பட்டு நூல் பட்டுப்புழுவிலிருந்து. வேர் மேல் தடவும் எம்டோகெயின் என்ற ஜெல், வளரும் பன்றிக்குட்டிகளின் பல் முளையிலிருந்து எடுத்த புரதம். ஈறுக்கு அடியில் வைக்கும் சில சவ்வுகள் மாட்டின் குதிகால் நாணிலிருந்து வருபவை. நம் வீடுகளில் பன்றியைவிட இதுதான் அதிகம் வருத்தும். அறுவைக்குப் பிறகு கொடுக்கும் மருந்து கூட்டுக் குளிகையாக இருந்தால் அந்தக் கூடு பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின்.

எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கிறது. பஞ்சுக்குப் பதிலாகச் செடியின் செல்லுலோஸிலிருந்து செய்த துணி கிடைக்கும். அல்லது உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, கட்டியாக வரும் ஃபைப்ரின் என்ற இரத்த உறைநாரைப் புண் மேல் வைக்கலாம். இது அண்ணம் சீக்கிரம் ஆறவும் உதவுகிறது. இதையே ஒட்டுக்குப் பதிலாக வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், உங்கள் பல்லுக்கு அது போதாது. தையலுக்கு நைலான், பாலிபுரொப்பிலீன் போன்ற செயற்கை நூல் உண்டு, வாய்க்குள் அவைதான் அழுக்குச் சேராமல் இருப்பவையும்கூட. மருந்தை மாத்திரையாகவே எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் இதையெல்லாம் நாற்காலியில் சாய்ந்து வாய் மரத்துப்போன பிறகு கேட்க முடியாது. பொருள்களை முன்கூட்டியே வரவழைக்க வேண்டியிருக்கும். அதனால் அப்போயின்மென்ட் எடுக்கும்போதே, மாடும் பன்றியும் எதிலும் வேண்டாம், நூல் பஞ்சு உட்பட என்று தெளிவாகச் சொல்லி, குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்: எதிர்பாராமல் இரத்தம் நிற்காமல் போனால் கையில் கிடைப்பதை அவர் பயன்படுத்தட்டும். அதற்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டால் யாருக்கும் மனச்சங்கடம் இல்லை.

எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடியில் பாருங்கள். இரண்டு பல்லுக்கும் இடையில் முக்கோணமாக ஏறி நிற்கும் ஈறு அப்படியே இருக்கிறதா, அல்லது அதுவும் இறங்கி இடைவெளி தெரிகிறதா? முக்கோணம் முழுதாக இருந்தால் வேர் முழுதாக மூட நல்ல வாய்ப்பு உண்டு. அது இறங்கியிருந்தால் இடையில் எலும்பு போய்விட்டது என்று பொருள். பாதி மூடினாலே வெற்றி, எந்தத் திசுவும் அதை மாற்றாது. முழுதாக மூடிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால், இந்த முக்கோணத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று நாள்தான் ஒட்டின் தலைவிதி. அதற்குள் சொந்தமாக இரத்தக் குழாய் இணைந்திருக்காது. அடியிலிருந்து ஊறும் நீரில்தான் அது உயிர் பிழைத்துக்கொண்டிருக்கும். அசைந்தால் போயிற்று. கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதுதான் ஒட்டுக்கு முதல் எதிரி, ஆவலைக் கட்டிப்போடுங்கள். இரண்டு வாரமாவது அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. டாக்டர் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தே போதும். அது பல்லில் பழுப்புக் கறை விடும், தேநீர் குடித்தால் இன்னும் கூடும், பிறகு சுத்தம் செய்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆறிய கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு, தயிர், மசித்த வாழைப்பழம், இட்லியைப் பாலில் ஊறவைத்து. பசியாறலுக்கு ரொட்டி சானாய் கொஞ்ச நாள் வேண்டாம். ஸ்டிராவில் உறிஞ்சுவதும் வேண்டாம். சைவச் சாப்பாட்டில் புரதம் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புண் ஆறுவது அதை வைத்துத்தான். சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங்குக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வராதீர்கள், அன்றைக்கு ஒரு காரை ஏற்பாடு செய்யுங்கள். இரவில் அண்ணத்தில் இரத்தம் கசிந்தால் ஈரத் துணியை மடித்து இருபது நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது.

நேர்த்திக்கடன் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தைப்பூசத்துக்கு அலகு குத்துவதாக இருந்தால், பூசம் முடிந்த பிறகு அறுவையை வைத்துக்கொள்ளுங்கள். கன்னமும் நாக்கும் இழுபடும்போது புது ஒட்டு தாங்காது. ஈறு நன்றாக முதிர்ந்து உறுதியாக மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். விரதமும் ஒருவேளைச் சாப்பாடும் புண் ஆறும் காலத்தில் வேண்டாம். அறுவை பூசத்துக்கு முன்பே முடிந்துவிட்டால், முருகனிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆண்டு பால்குடம் எடுங்கள்.

செலவு விஷயம். தனியாரில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும். மாற்றுத் திசு என்றால் பொருளின் விலை தனி. சொந்தத் திசுவுக்கு அது மிச்சம். அவசரம் இல்லையென்றால் அரசுப் பல் கிளினிக்கில் கடிதம் வாங்கி அரசாங்க ஈறு சிறப்புப் பிரிவுக்குப் போகலாம், காத்திருப்பு நீளும், கட்டணம் மிகக் குறைவு. உங்களுக்குப் பக்கத்திலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் இருக்கிறது. இரண்டாவது கருத்துக்கு அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். சில மாதக் காத்திருப்பில் உங்கள் ஈறு பெரிதாகக் கெட்டுவிடாது, பிரஷ் பழக்கத்தை மட்டும் இன்றைக்கே மாற்றினால்.

அம்மாவுக்கு இப்போது ஒட்டு வேண்டாம். வெற்றிலையும் புகையிலையும் ஓடிக்கொண்டிருக்கும் வாயில் ஒட்டு பிடிப்பது கஷ்டம். அவருக்கு இறங்கியிருப்பதும் பெரும்பாலும் ஈறு நோயால் எலும்பு கரைந்து வந்தது. அதற்குக் காறையை ஆழமாகச் சுத்தம் செய்வதுதான் முதல் வைத்தியம். சர்க்கரை இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பாருங்கள். இந்நாட்டு இந்தியர்களிடையே அது கூடுதல் என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன, கட்டுப்படாத சர்க்கரை ஈறைத் தின்றுவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. வெற்றிலை அடக்கும் கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் முன்போல அகலத் திறக்காமல் இறுகுவது, இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் நம் இந்தியப் பெண்களை மற்றவர்களைவிட அதிகமாகப் பிடிக்கிறது, வெற்றிலையோடு போடும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பெரிய காரணம். வலி இல்லை என்று அம்மா சொல்வார். தொடக்கத்தில் வலிக்காது. உங்கள் அடுத்த அப்போயின்மென்டுக்குப் போகும் அன்றே அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் வாயைக் காட்டிவிட்டு வாருங்கள்.